பறப்பதற்கு அரை விநாடி முன்பு

மஞ்சக்குப்பம், கடலூர்
6.11.2024

அன்புள்ள வெண்மதிக்கு,

மேலே 'பொருள்:' என்று எழுதி அடித்திருப்பது உனக்குத் தெரியும். முப்பத்து நான்கு வருடம் பத்திரப்பதிவு அலுவலகத்தில் உட்கார்ந்தவனுக்கு வெறும் கடிதம் எழுதுவது புது வேலை. கல்யாணத்துக்கு முன்பு உனக்கு எழுதிய ஒரே கடிதத்திலும் பொருள் போட்டிருந்தேன் என்று நீ இன்றுவரை சொல்லிக்காட்டுகிறாய்.

தீபாவளிக்கு வந்தவள் திரும்ப பஸ் ஏறும்போது, இனிமேல் போன் வேண்டாம், எதுவானாலும் எழுதுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனாய். பேசிக்கொண்டிருக்கும்போதே "இரு, என்னமோ பறக்குது" என்று நான் போனை வைத்துவிடுகிறேன் என்பது புகார். உண்மைதான். தீபாவளியன்று விடிகாலை எண்ணெய்கூட வைத்துக்கொள்ளாமல் தேவனாம்பட்டினம் கடற்கரைக்குக் கேமராவோடு போனதையும் அதோடு சேர்த்துக்கொள். கடிதத்தை யாரும் பாதியில் வைத்துவிட்டுப் போக முடியாது என்பது உன் எண்ணம். இதை எழுதும் இந்த நிமிடத்தில் ஜன்னலுக்கு வெளியே ஒரு பருந்து தாழ்வாகப் போயிற்று. நான் எழுந்திருக்கவில்லை. குறித்துக்கொள்.

உடம்புக்கு ஒன்றும் இல்லை. பிரஷர் மாத்திரை போடுகிறேன். தினமும் ரசம் வைக்கிறேன். திங்கட்கிழமை ரசத்துக்கும் வெள்ளிக்கிழமை ரசத்துக்கும் வித்தியாசம் கண்டுபிடிப்பது சிரமம். சில வாரம் அது ஒரே ரசமாகவும் இருந்திருக்கிறது. கனிமொழி பெங்களூரிலிருந்து வாரம் ஒரு முறை பேசுகிறாள். அம்மா எப்படி இருக்கிறாள் என்று என்னைக் கேட்கிறாள். உன்னிடம் என்னைப் பற்றிக் கேட்பாள் என்று நினைக்கிறேன்.

ஒரு கஷ்டம். லென்ஸில் கோளாறு. ஜூலையில் நீ சிதம்பரம் போனதிலிருந்து உருப்படியாக ஒரு படம் விழவில்லை. பறவைக்குக் குறைச்சல் இல்லை. தகைவிலான்கள் வந்து மின்கம்பியெல்லாம் வரிசையாக உட்கார்ந்திருக்கின்றன. கெடிலம் கடலில் சேருமிடத்தில் ஆலாக்கள் அந்தரத்தில் நின்று நின்று தண்ணீருக்குள் பாய்கின்றன. போன ஞாயிறு பெருமாள் ஏரியில் மட்டும் ஆயிரத்து நூற்று நாற்பது தடவை அழுத்தினேன். வீட்டுக்கு வந்து பார்த்தால் எல்லாம் வானம். நல்ல வானம், அதைக் குறை சொல்ல முடியாது. சிலவற்றில் ஓரத்தில் வால் இருக்கிறது. ஒன்றில் கால். லென்ஸைப் பழுதுபார்க்கச் சென்னைக்கு அனுப்பியிருக்கிறேன். பிப்ரவரி கடைசியில் பறவை ஆர்வலர் சங்கம் மறுபடியும் கண்காட்சி வைக்கிறது. போன வருடப் படங்களையே மாட்ட முடியாது, புதிதாக நாற்பது கொடுங்கள் சார் என்கிறார்கள்.

இன்னொரு விஷயம். ஓய்வுபெற மூன்று வருடம் இருக்கும்போது உன்னைக் கீரப்பாளையம் பக்கம் தூக்கிப் போட்டார்களே, அந்த அநியாயத்தை நான் விடப்போவதில்லை. உன்னைத் திரும்பக் கடலூருக்கு மாற்றக் கோரி மனு போட்டிருக்கிறேன். மூன்று நகல், பதிவுத் தபால்.

உன்
அருள்முருகன்


சிதம்பரம்
12.11.2024

கனிமொழி அப்பாவுக்கு,

உங்கள் கடிதம் மூன்று நாளில் வந்தது. நாற்பத்தைந்து கிலோமீட்டர். நடந்து வந்திருந்தாலே முந்தியிருக்கும்.

பருந்தைப் போகவிட்டதைக் குறித்துக்கொண்டேன்.

இங்கே மழை. பள்ளி மைதானத்தில் கணுக்கால் வரை தண்ணீர் நிற்கிறது. அதனால் என் விளையாட்டு வகுப்பைக் கணக்கு டீச்சர் வாங்கிக்கொண்டார். மழை இல்லாதபோது அறிவியல் டீச்சர் வாங்கிக்கொள்வார். இருபத்தெட்டு வருடமாக வாங்குகிறவர்கள் யாரும் திருப்பித் தந்ததில்லை. மண்டல ஓட்டப்பந்தயத்துக்குப் போகும் ஆறு பெண்களை வராந்தாவில் ஓடவிடுகிறேன். வராந்தா நாற்பது மீட்டர்தான். மீதி அறுபதை அவர்கள் மனதில் ஓடவேண்டும்.

வீடு வசதியாகத்தான் இருக்கிறது. மாடியில் ஒரு கூடமும் சமையலறையும், பின்னால் ஓர் அறையும். கீழே வீட்டுக்கார அம்மாள், சிவகாமியம்மாள், தனியாக இருக்கிறார். தினமும் சாயங்காலம் படியில் என்னைப் பிடித்துக்கொண்டு ஒரே கேள்வி.

"சார் எப்பம்மா வருவாரு?"

"அவர் பறவைப் படம் எடுக்கிறாருங்க."

"எல்லாத்தையும் எடுத்து முடிக்க எத்தனை நாளாவும்?"

நான் சிரித்துவிட்டு மேலே வந்துவிடுவேன். பின்னறையை ஏன் பூட்டியே வைத்திருக்கிறாய், வெளிச்சம் நல்லா வருமே, ஒரு மேசை போடலாமே என்றும் சொல்கிறார். பார்க்கலாம் என்றிருக்கிறேன்.

பள்ளி விட்டு வந்ததும் காபியை எடுத்துக்கொண்டு மொட்டைமாடியில் உட்காருகிறேன். வடக்குக் கோபுரத்தைச் சுற்றி உழவாரன் குருவிகள் கும்பல் கும்பலாகச் சுற்றுகின்றன. அவ்வளவு வேகம் எதற்கு என்று தெரியவில்லை. திரும்பத் திரும்ப அதே கோபுரம்தானே. அதுகள் எங்கேயும் உட்காருவதில்லை. எப்போது கிளம்பும் என்று பார்த்துக்கொண்டிருக்கும் வேலை எனக்கில்லை. ஓய்வாக இருக்கிறது.

லென்ஸில் கோளாறு இருக்காது என்று நினைக்கிறேன். இருந்தாலும் பார்க்கச் சொல்லுங்கள்.

மாற்றலுக்கு மனுவெல்லாம் வேண்டாம். விட்டுவிடுங்கள்.

ரசத்தை இரண்டு நாளுக்கு மேல் வைக்காதீர்கள்.

வெண்மதி


மஞ்சக்குப்பம், கடலூர்
21.11.2024

அன்புள்ள வெண்மதிக்கு,

லென்ஸ் வந்துவிட்டது. கூடவே ஒரு தாள்: 'பரிசோதிக்கப்பட்டது. குறை ஏதும் இல்லை.' இவ்வளவு சுருக்கமாக ஓர் ஆளை அவமானப்படுத்த அரசாங்கத்துக்குக்கூடத் தெரியாது. கேமராக் கடையில் போய்ப் புலம்பினேன். புது கேமரா ஒன்று வந்திருக்கிறதாம், பொத்தானை அழுத்துவதற்கு முன்பே படத்தை எடுத்து வைத்துக்கொள்ளுமாம். நான் எதற்கு அங்கே நிற்க வேண்டும் என்று கேட்டேன். கடைக்காரர் யோசித்துவிட்டு, கேமராவைத் தூக்கிக்கொண்டு போக ஆள் வேண்டுமே சார் என்றார்.

சும்மா தனியாகப் போவதால்தான் கை ஓடவில்லையோ என்று தோன்றியது. உன் தம்பி ராஜவேலுவை நெல்லிக்குப்பத்திலிருந்து வரச்சொல்லி, ஞாயிற்றுக்கிழமை பெருமாள் ஏரிக்குக் கூட்டிப்போனேன். கரும்புக்கு ஆலையிலிருந்து வெட்டு உத்தரவு இன்னும் வரவில்லை, சும்மாதான் இருக்கிறான். எட்டு வருடம் நீ உட்கார்ந்த அதே கரையில், அதே மடக்கு நாற்காலியில் உட்காரவைத்தேன். கம்பியில் ஒரு பஞ்சுருட்டான் இருந்தது. அது பூச்சியைப் பார்த்துக் கிளம்பும் நேரத்தைப் பிடிக்கவேண்டும். நான் லென்ஸுக்குள் கண்ணை வைத்துக்கொண்டிருந்தேன்.

"மாமா, வடிகால் வாய்க்கால தூர்வாரி இருக்கானுங்க பாத்தீங்களா? பேருக்கு வாரி இருக்கானுங்க."

"மச்சான், பேசாம பாருடா."

"பாத்துகிட்டுதான இருக்கறேன். அக்கா வந்தாலும் இப்பிடித்தான் வாய மூடிகிட்டு உக்காருமா? அதெப்படி முடிஞ்சுது அதுக்கு?"

"பேசாம பாரு."

"அந்தா போச்சு மாமா!"

போனது எனக்கும் தெரிந்தது. மூன்று மணிநேரம் இப்படி. போன பிறகு 'போச்சு' என்று சொல்வதற்கு ஓர் ஆளைப் பெட்ரோல் போட்டுக் கூட்டிவர வேண்டியதில்லை. மதியம் ஓட்டலில் வாங்கிய தயிர்சாதம். அது உன் புளிசாதம் ஆகுமா? நீ இருந்தால் ஏதோ ராசி, படம் விழும். இதை உன்னைச் சந்தோஷப்படுத்தச் சொல்லவில்லை.

மனுவை விட்டுவிடச் சொல்கிறாய். உனக்காக நீ எப்போது எதைக் கேட்டிருக்கிறாய்? மனுவுக்குப் பதில் இல்லை. ஆகவே தகவல் உரிமைச் சட்டத்தில் ஒரு கேள்வி போட்டிருக்கிறேன்: மேற்படி ஆசிரியையை எந்தக் காரணத்தால், எந்த விதியின்படி, யார் மாற்றினார்கள்? முப்பது நாளில் பதில் சொல்லியே ஆகவேண்டும். உனக்காக அந்த அலுவலகம் கொஞ்சம் வியர்க்கட்டும்.

உன்
அருள்முருகன்


சிதம்பரம்
10.12.2024

கனிமொழி அப்பாவுக்கு,

புயலன்று போனில் நான்கு வார்த்தை பேசினோமே, அது கணக்கில் வராது. வீட்டுக்குள் தண்ணீர் வரவில்லை என்றீர்கள். கீழ் அலமாரியில் இருக்கும் கனிமொழியின் சான்றிதழ்களை மேலே எடுத்து வைத்தீர்களா என்று கேட்பதற்குள் லைன் போய்விட்டது. வைத்திருக்க மாட்டீர்கள். இப்போதாவது வையுங்கள்.

எனக்கு அலுப்பாக இருக்கிறது. பத்து நாளாகப் பள்ளி நிவாரண முகாமாக இருந்தது. குமராட்சிப் பக்கத்துச் சனம் வந்து தங்கினார்கள். பி.டி. டீச்சருக்கு விசில் இருப்பதால் சாப்பாட்டு வரிசையை ஒழுங்குபடுத்தும் வேலை. நேற்றுத்தான் எல்லாரும் வீடு திரும்பினார்கள். வகுப்பறைகளைக் கழுவிவிட்டோம்.

ராஜவேலு என் தம்பிதான், ஆனாலும் பாவம் அவனைத் திட்டாதீர்கள். அவனுக்கு என்ன பார்க்க வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. நான் எழுதுகிறேன், படித்துக் காட்டுங்கள்.

நூறு மீட்டர் ஓட்டத்துக்குக் கோட்டில் எட்டுப் பிள்ளைகள் குனிந்திருப்பார்கள். விசிலுக்கு முன்பே ஓடப்போகிறவள் யார் என்று எனக்குத் தெரியும். முகத்தில் தெரியாது. முகம் எல்லாருக்கும் சாதுவாகத்தான் இருக்கும். தோளில் தெரியும். ஓடுவதற்குச் சற்று முன்பு தோள் ஒரு நூலளவு முன்னால் வரும், மூச்சு நிற்கும். இருபத்தெட்டு வருடம் அதைத்தான் பார்த்துக்கொண்டு நின்றேன். பறவையும் அப்படியேதான். பஞ்சுருட்டான் தலையை ஆட்டி ஆட்டி நாலு பக்கமும் பார்க்கும், அதெல்லாம் சும்மா. தலை ஆடுவது நின்று, கழுத்து உள்ளே போய், கால் மடங்கினால் கிளம்புகிறது என்று அர்த்தம். கொக்கு கிளம்புவதற்கு முன்பு எச்சம் போட்டுச் சுமையைக் குறைக்கும். ஆலா அந்தரத்தில் நிற்கும்போது வாலை விரித்து வைத்திருக்கும். வாலை மடக்கினால் பாயப்போகிறது. மடக்கிய அந்த நேரத்தில் சொல்லிவிட வேண்டும். பாய்ந்த பிறகு சொல்வதற்கு ஒன்றும் இல்லை.

அவ்வளவுதான். இதில் ராசி எதுவும் இல்லை. ராஜவேலு வாயை மூடிக்கொண்டு ஒரு மாதம் பார்த்தால் அவனுக்கும் வரும். முதல் பாதிதான் அவனுக்குக் கஷ்டம்.

தகவல் உரிமைக் கேள்வியைத் திரும்பப் பெற வழி இருந்தால் பெற்றுவிடுங்கள்.

வெண்மதி


மஞ்சக்குப்பம், கடலூர்
24.12.2024

வெண்மதிக்கு,

பதில் வந்துவிட்டது.

பழக்க தோஷத்தால் முதலில் வரைவைத்தான் பார்த்தேன். நல்ல வரைவு. கேட்ட கேள்விக்கு மட்டும் பதில், ஒரு சொல் அதிகம் இல்லை, கையெழுத்துக்குக் கீழே தேதி சரியாக இருக்கிறது. என்னிடம் வேலை பார்த்தவர்கள் யாரும் இப்படி எழுதியதில்லை என்று மெச்சிக்கொண்டேன். அதன் பிறகுதான் படித்தேன்.

'மேற்படி ஆசிரியை எவராலும் மாற்றப்படவில்லை. தமது சுயவிருப்பத்தின் பேரில் பொதுமாறுதல் கலந்தாய்வில் கலந்துகொண்டு, மேற்படி பள்ளியைத் தாமே தேர்வு செய்தார்.'

நீ போன அன்று நான்தான் உன் பெட்டியைப் பஸ் ஸ்டாண்டுக்கு எடுத்து வந்தேன். வழியெல்லாம் அரசாங்கத்தைத் திட்டிக்கொண்டே வந்தேன். நீ ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. தெருவில் எல்லாரிடமும் அநியாயமாகத் தூக்கிப் போட்டுவிட்டார்கள் என்று சொல்லிவைத்திருக்கிறேன். பால்காரர்கூட இரக்கப்பட்டார். இப்போது அவர் முகத்தில் எப்படி விழிப்பது?

ராஜவேலுவிடம் காட்டினேன்.

"அக்கா காரணம் இல்லாம ஒண்ணும் செய்யாது மாமா. நீங்க என்னா செஞ்சீங்க?"

"நான் ஒண்ணுமே செய்யலடா."

"அப்ப அதான்."

உன் குடும்பத்தில் எல்லாருக்கும் வாய் நறுக்கென்றுதான் இருக்கிறது.

நான் குடிக்கவில்லை. கையை ஓங்கியதில்லை. சம்பளக் கவரைப் பிரிக்காமல் உன் கையில் கொடுத்தவன். அரையாண்டு விடுமுறைக்கு வருவாய் என்று பின்கட்டில் உன் துணிக்கொடியை மாற்றிக் கட்டிவைத்திருக்கிறேன். நீ வரப்போவதில்லை, பயிற்சி முகாம் என்று கனிமொழியிடம் சொல்லி அனுப்பினாய். அதுவும் சுயவிருப்பமா?

ஏன் போனாய்? ஒரு வரி போதும்.

அருள்முருகன்


சிதம்பரம்
2.1.2025

கனிமொழி அப்பாவுக்கு,

ஒரு வரியில் சொல்ல முடியாது. மன்னியுங்கள்.

சொல்லாமல் வந்தது தப்புதான். பெட்டியைத் தூக்கிக்கொண்டு நீங்கள் அரசாங்கத்தைத் திட்டியபோது வாய் வரை வந்தது. நீங்கள் அவ்வளவு உற்சாகமாகத் திட்டிக்கொண்டிருந்தீர்கள், நடுவில் புக மனது வரவில்லை.

போன மார்ச் மாதக் கண்காட்சி நினைவிருக்கிறதா? கல்யாண மண்டபத்து மாடி. சுவரெல்லாம் முப்பத்தெட்டுப் படம், எல்லாம் பறக்கும் படம். நீர் சொட்ட எழும்பும் மீன்கொத்தி. சிறகை முழுசாக விரித்து மரத்தைவிட்டுக் கிளம்பும் நாரை. தலைகீழாகப் பாயும் ஆலா. நானும் ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு வந்தேன். ஒவ்வொன்றின் முன்னாலும் அன்று வெயில் எப்படி இருந்தது, நான் எவ்வளவு மெதுவாக 'ம்' என்றேன் என்பதெல்லாம் எனக்கு ஞாபகம் வந்தது. எட்டு வருடம், ஞாயிறு தவறாமல். உங்கள் கண் லென்ஸுக்குள் இருக்கும். அதற்குள் இருந்து பார்த்தால் பறவையின் ஒரு பக்கம்தான் தெரியும் என்று நீங்களே சொல்வீர்கள். வெளியே இருந்து முழுப் பறவையைப் பார்த்தது நான். நான் 'ம்' என்பேன், நீங்கள் அழுத்துவீர்கள். நாம் இருவரும் அதைப் பற்றி ஒரு நாளும் பேசிக்கொண்டதில்லை. பேசவேண்டும் என்று எனக்கும் தோன்றியதில்லை. சேர்ந்து செய்கிற வேலை என்று இருந்துவிட்டேன்.

பிறகு நீங்கள் மைக்கைப் பிடித்தீர்கள். சங்கத் தலைவருக்கு நன்றி சொன்னீர்கள். படகோட்டிக்கு நன்றி. பெயர் தெரியாத டீக்கடைக்காரருக்கு நன்றி. "ஞாயிறுதோறும் அலுக்காமல் புளிசாதம் கட்டிக்கொடுத்த என் துணைவியார்" என்றீர்கள். எல்லாரும் கைதட்டினார்கள், நானும் தட்டினேன். கூட்டத்தில் ஒருவர் எழுந்து, பறவை கிளம்பப்போவது உங்களுக்கு எப்படிச் சரியாக முன்கூட்டியே தெரிகிறது சார் என்று கேட்டார். நீங்கள் சற்று யோசித்தீர்கள். அந்தக் கொஞ்ச நேரத்தில் நான் புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டேன். நீங்கள், "அதைச் சொல்லி விளக்க முடியாதுங்க, அது ஒரு உள்ளுணர்வு" என்றீர்கள்.

உங்கள் உள்ளுணர்வு அப்போது மூன்றாவது வரிசையில் டிபன் கேரியரை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது.

நீங்கள் பொய் சொல்லவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. பொய் சொல்லியிருந்தால் வீட்டுக்கு வந்து சண்டை போட்டிருப்பேன். நீங்கள் நிஜமாகவே அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தீர்கள். எட்டு வருடம் காதுக்குப் பக்கத்தில் சொன்னது உங்களுக்குச் சொந்த யோசனையாகக் கேட்டிருக்கிறது. அன்று வீட்டுக்கு வந்து பாத்திரம் தேய்க்கும்போது யோசித்தேன்: முப்பது வருடத்தில் வேறு எதையெல்லாம் இப்படிச் சொல்லியிருப்பேன்?

கோபித்துக்கொண்டு வரவில்லை. நான் இல்லாவிட்டால் நான் செய்தது என்ன என்று உங்களுக்குத் தெரியுமோ என்று வந்தேன். உங்களுக்குத் தெரிந்தது லென்ஸில் கோளாறு.

புத்தாண்டு வாழ்த்துகள். துணிக்கொடி கட்டியதற்கு நன்றி.

வெண்மதி


மஞ்சக்குப்பம், கடலூர்
21.1.2025

அன்புள்ள வெண்மதிக்கு,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு முதலில் பதில் எழுத உட்கார்ந்தேன். நான்கு பக்கம் மறுப்பு. பத்தி எண் போட்டு எழுதினேன். ஐந்தாவது பத்திக்குச் சான்று தேடிப் பழைய கணினியைத் திறந்தேன். அங்கேதான் மாட்டிக்கொண்டேன்.

சில நாள் படத்துக்குப் பதில் வீடியோ எடுத்து வைத்திருக்கிறேன் அல்லவா? இருநூற்றுப் பன்னிரண்டு துண்டுகள். ஒன்றையும் சத்தத்தோடு நான் கேட்டதில்லை. காற்று இரைச்சல்தானே என்று அணைத்து வைத்திருந்தேன். பொங்கலுக்கு வந்த ராஜவேலுதான் சத்தத்தை வைத்துவிட்டான். பறவை உட்கார்ந்திருக்கிறது. 'ம்.' பறவை கிளம்புகிறது. அடுத்தது. பறவை உட்கார்ந்திருக்கிறது. 'ம்.' கிளம்புகிறது. இருநூற்றுப் பன்னிரண்டையும் கேட்டோம். நீ தவறியது ஏழு இடத்தில். அதில் இரண்டில் நான் தும்மியிருக்கிறேன். ராஜவேலு, "ஏன் மாமா, பறவை அக்கா சொன்னாத்தான் போவுமா?" என்றான். சற்று நேரம் எனக்கும் அப்படித்தான் தோன்றியது.

மறுப்பைக் கிழித்துப் போட்டேன். என் தவறு. மறுப்பதற்கு ஒன்றும் இல்லை.

பரிகாரமாக மூன்று காரியம் செய்திருக்கிறேன்.

சங்கத்துக்கு எழுதிவிட்டேன். பிப்ரவரிக் கண்காட்சியில் பழைய படமோ புதுப் படமோ, எல்லாவற்றுக்கும் கீழே 'அருள்முருகன் - வெண்மதி' என்று இரண்டு பெயரும் ஒரே அளவு எழுத்தில் வரும். பால்காரரிடமும் உண்மையைச் சொல்லிவிட்டேன். அவர், "அப்படிங்களா" என்று அரை லிட்டர் ஊற்றிவிட்டுப் போனார்.

மூன்றாவதுதான் பெரிய செய்தி. நீ திரும்பி வர வழி கண்டுபிடித்துவிட்டேன். கடலூர்ப் பள்ளியில் ஒரு பி.டி. டீச்சர் இருக்கிறார், பெயர் அமிர்தம். சொந்த ஊர் குமராட்சி. உன் பள்ளிக்கு வர அவருக்கு முழுச் சம்மதம். மனமொத்த மாறுதல் என்று ஒரு விதியே இருக்கிறது. இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டால் யாரும் மறுக்க முடியாது. விண்ணப்பத்தைப் பூர்த்தி செய்து இத்துடன் வைத்திருக்கிறேன். பென்சிலால் பெருக்கல் குறி போட்ட மூன்று இடத்தில் கையெழுத்துப் போட்டு அனுப்பு. நீ வந்தவுடன் ஞாயிற்றுக்கிழமை பெருமாள் ஏரிக்குப் போவோம். இந்த முறை நீ லென்ஸுக்குள் பார், நான் வெளியே இருந்து பார்க்கிறேன். எனக்கு வருமா என்று தெரியவில்லை. நீ சொன்ன தோள் கணக்கைத் தினமும் தெருநாய்களிடம் பழகிவருகிறேன்.

அலுத்துவிட்டது வெண்மதி. வீடு பெரிதாக இருக்கிறது. ஒரு டம்ளரைக் கழுவி அதையே மறுபடி எடுத்துக் குடிக்கிறேன். வந்துவிடு.

உன்
அருள்முருகன்


சிதம்பரம்
9.2.2025

அன்புள்ள உங்களுக்கு,

கடிதத்தை நான்கு தடவை படித்தேன். இருநூற்றுப் பன்னிரண்டு என்ற இடத்தில் அழுதேன். ஏழு இடத்தில் தவறினேன் என்று எண்ணி எழுதியிருக்கிறீர்களே, அந்த இடத்தில் சிரித்தேன். பெயர் போடுங்கள். எனக்குச் சந்தோஷம்தான், மறைக்க ஒன்றும் இல்லை. கண்காட்சிக்கு என்னால் வரமுடியாது. அன்று மண்டலப் போட்டி.

விண்ணப்பத்தில் கையெழுத்துப் போடவில்லை. அமிர்தம் டீச்சரிடம் என் வருத்தத்தைச் சொல்லுங்கள். வேறு பள்ளி கிடைக்காமலா போய்விடும்?

இதைச் சொல்லக் கூடாது என்றுதான் ஏழு மாதம் இருந்தேன். இனி சொல்லாமல் இருப்பதும் ஒரு வேலையாக இருக்கிறது. அந்த வேலையைச் செய்ய எனக்குத் தெம்பில்லை.

நீங்கள் மனு போட்டீர்கள். தகவல் உரிமை போட்டீர்கள். விதி எண் கண்டுபிடித்து, ஆள் கண்டுபிடித்து, பென்சிலால் குறி போட்டு அனுப்பினீர்கள். எல்லாம் என்னை அங்கே கொண்டுவர. வேலையில் இருப்பவள் நான். இங்கிருந்து நகர எனக்குத்தான் ஆயிரம் கையெழுத்து வேண்டும். நீங்கள் ஓய்வுபெற்றவர். நீங்கள் இங்கே வர எந்த அலுவலகத்திலும் யாரும் கையெழுத்துப் போட வேண்டியதில்லை. ஒரு பையும் ஒரு பஸ்ஸும். பெருமாள் ஏரி இல்லாவிட்டால் வீராணம் இருக்கிறது, பிச்சாவரம் இருக்கிறது. பறவைக்கு எந்த ஊரானால் என்ன?

எட்டுக் கடிதத்தில், இல்லை, உங்களுடையது நான்குதான், அந்த நான்கில் ஒன்றிலாவது 'நான் அங்கே வரட்டுமா' என்று ஒரு வரி இருக்கும் என்று ஒவ்வொன்றையும் பிரிக்கும்போது நினைத்தேன். நீங்கள் மறுத்திருந்தால்கூடப் பரவாயில்லை. உங்களுக்குத் தோன்றவே இல்லை. மற்ற எல்லாவற்றையும் உங்களுக்கு நான் எடுத்துச் சொல்லிவிட்டேன், பறவை உட்பட. இது ஒன்றையாவது நான் சொல்லாமல் நீங்கள் பார்க்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன். இப்போது சொல்லிவிட்டேன். அதனால் நாளைக்கே பையோடு வந்து நின்றாலும், நான் சொல்லி வந்ததாகத்தான் எனக்குத் தோன்றும். வந்தவரை வரவேற்று, உள்ளுக்குள் அதை நினைத்துக்கொண்டே இருப்பேன். அது உங்களுக்கும் நல்லதில்லை. ஆகவே வரவேண்டாம். எனக்குக் கோபம் இல்லை. நீங்கள் நல்ல மனிதர், அதை யார் கேட்டாலும் சொல்வேன். மாத்திரையை விடாதீர்கள்.

வெள்ளிக்கிழமை இந்த வீட்டை மூன்று வருடத்துக்குக் குத்தகைக்கு எழுதி வாங்கினேன். நான் ஓய்வுபெறும் வரைக்கும் போதும். பதினோரு மாதத்துக்கு மேல் என்றால் பதிவு செய்யவேண்டும் என்று உங்களிடம் கேட்டுக் கேட்டே எனக்குத் தெரியும். சிவகாமியம்மாளோடு சார்பதிவாளர் அலுவலகம் போனேன். உங்களிடம் முன்பு வேலை பார்த்த ஸ்ரீதர் அங்கே இருக்கிறார். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றுவிட்டார்.

"சார் வரலீங்களா மேடம்?"

"இல்லைங்க."

"சார் வந்திருந்தா ஒரு எழுத்து விடாம படிச்சுப் பாக்காம கையெழுத்துப் போட விட மாட்டாரு. எங்கள எத்தன தடவ திருப்பி டைப் அடிக்க வச்சிருக்காரு தெரியுமா?"

பத்திர எழுத்தர் 'அருள்முருகன் மனைவி வெண்மதி' என்று எழுதிவிட்டு நிமிர்ந்து, இருப்பிடம் எது போடட்டும், கடலூரா சிதம்பரமா என்று கேட்டார். சிதம்பரம் என்றேன். எழுதினார். நான் வாங்கி ஒரு பெஞ்சில் உட்கார்ந்து, ஆறு பக்கத்தையும் ஒரு எழுத்து விடாமல் படித்தேன். முக்கால் மணி ஆயிற்று. பிழை ஏதும் இல்லை. கையெழுத்துப் போட்டேன்.

வெண்மதி